கணக்கும் உலையும்



முப்பது ஆண்டுகளுக்கு மேல் பள்ளியில் பணியாற்றியவன் நான். ஒருநாள் அறிவியல் கூடத்தில் ஒரு மாணவன், சோதனையைத் தொடங்கு முன்பே கணக்கிட்டு விடையைக் குறிப்பேட்டில் எழுதியிருந்தான். அவனைக் கடிந்து, அதனை அழிக்கச் செய்தேன். அன்று நான் செய்தது முறைதானா என்னும் ஐயம், உலோகக் கலவைகளைப் பற்றி அண்மையில் படித்தபொழுது எழுந்தது.

ஜெட் எஞ்சினில் எரியும் வாயுவின் அருகே உள்ள உறுப்புகள் உருகாவிட்டாலும், வெப்பமும் இழுவிசையும் ஓயாது தாக்குவதால் சிறிது சிறிதாக நீண்டு, ஒருநாள் முறிகின்றன. உலோகத்தில் வரிசையாக அமைந்த அணுக்கள் வழுக்கி நகர்வதே இதன் காரணம். விரித்த ஜமக்காளத்தில் ஒரு சுருக்கத்தைத் தள்ளினால், அது மறுமுனை வரை எளிதில் ஓடிவிடும். இடையிடையே கற்களை வைத்தாலோ தடைபட்டு நிற்கும். அத்தகைய கற்களாக, கண்ணுக்குத் தெரியாத நுண்துகள்களை உலோகத்தில் பரப்பலாம்.

ஆனால் எந்த உலோகங்களை எவ்வளவு சேர்ப்பது? முற்காலத்தில் உருக்குவதும், வார்ப்பதும், இழுத்துப் பார்ப்பதும், மீண்டும் உருக்குவதுமாக ஆண்டுகள் பல கழியும். அமெரிக்காவில் கிளீவ்லாந்து நகரிலுள்ள நாசாவின் கிளென் ஆராய்ச்சி நிலையத்தார் முதலில் கணிப்பொறியை நாடினர். இன்ன விகிதத்தில், இன்ன வெப்பத்தில், எத்தகைய படிகங்கள் உண்டாகும், எளிதில் நொறுங்குவன தோன்றுமா என்று கணித்தனர். முப்பது கணிப்புகளில் தக்க விகிதம் கிட்டிற்று. நிக்கல், கோபால்ட், குரோமியம் ஆகியவை ஏறத்தாழச் சம பங்கு. வேறு சில உலோகங்கள் சிறிதளவு. இக்கலவைத் தூளின்மீது இட்ரியம் ஆக்சைடு நுண்துகள்களைப் பூசி, லேசர் ஒளியால் அடுக்கடுக்காக உருக்கி இணைத்தனர். ஜி.ஆர்.எக்ஸ்-810 என்னும் இக்கலவையை 2022-ஆம் ஆண்டில் அறிவித்தனர். 2023 ஏப்ரலில் 'நேச்சர்' இதழில் ஆய்வுக் கட்டுரை வெளிவந்தது.

1093 டிகிரி செல்சியஸ் வெப்பத்தில் இதன் வலிமை, வழக்கிலுள்ள நிக்கல் கலவைகளைப்போல் இருமடங்கு. இழுவிசையைத் தாங்கி நிற்கும் காலமோ ஆயிரம் மடங்குக்கும் மேல்.

இங்கே ஒன்றைக் கருத வேண்டும். இம்மடங்குகளைச் சொன்னது கணிப்பொறியன்று. உலையும் இழுவைப் பொறியுமே. கணிப்பொறி வழிகாட்டியதும், முன்னோர் பல்லாண்டு உருக்கி அளந்து வைத்த அளவுகளைக் கொண்டுதான். கணக்கு தேடும் பரப்பைச் சுருக்குகிறது. சோதனை தீர்ப்பு வழங்குகிறது. அத்தீர்ப்பு அடுத்த கணக்கைத் திருத்துகிறது. ஒன்றின்றி மற்றொன்று குருடு.

அம்மாணவன் விடையை முன்னதாக எழுதியது குற்றமன்று. எழுதியபின் சோதித்து ஒப்பிடாது விட்டிருந்தால் அதுவே குற்றம். அவ்வேறுபாட்டை அவனுக்கு விளக்கியிருக்க வேண்டியவன் நான். அதற்குப் பதிலாக ஒரு நல்ல பக்கத்தை அழிக்கச் செய்தேன். இன்று ஆசிரியராக இருப்போர் அப்பிழையைச் செய்யாதிருப்பாராக.