சோளக்காட்டுக்கு எந்தத் துப்பாக்கி?

மக்காச்சோளம் பால்பிடிக்கும் பருவத்தில் பெரம்பலூர், அரியலூர் பக்கத்து விவசாயிக்கு ராத்தூக்கம் கிடையாது. பச்சைமலையிலிருந்து இறங்கும் காட்டுப்பன்றிக் கூட்டம் தின்பது கொஞ்சம், மிதித்துச் சாய்ப்பதே அதிகம். 2025 ஜனவரியில் தமிழக அரசு இதற்கு ஒரு வழி சொன்னது. காப்புக்காட்டிலிருந்து 1 கி.மீ.க்குள் பன்றியைச் சுடக் கூடாது; 1 முதல் 3 கி.மீ. வரை கூண்டு வைத்துப் பிடித்துக் காட்டில் விட வேண்டும், 3 கி.மீ. தாண்டி வந்தால் பயிற்சி பெற்ற வனத்துறையினர் சுடலாம். சுடுவதென்று முடிவானபின் எதைக் கொண்டு சுடுவது என்ற கேள்வி வருகிறது. பன்றி எவ்வளவு பெரியது என்பதைவிட, பன்றிக்குப் பின்னால் என்ன இருக்கிறது என்பதை வைத்தே துப்பாக்கியைத் தேர்ந்தெடுக்க வேண்டும் என்பேன்.

நம் நாட்டில் உரிமம் பெற்றவர்களிடம் பரவலாக இருப்பவை இரண்டு. ஒன்று .315 ரைபிள்: குழலின் உள்விட்டம் 8 மில்லிமீட்டர், குண்டின் எடை ஏறக்குறைய 16 கிராம். மற்றொன்று 12 போர். ஒரு பவுண்டு ஈயத்தை 12 சம உருண்டைகளாக்கினால் ஓர் உருண்டை எந்தக் குழலுக்குள் சரியாகப் பொருந்துமோ அதுதான் 12 போர், விட்டம் 18.5 மில்லிமீட்டர். ரைபிள் குண்டு நீளமானது; சுழன்று, வேகம் அதிகம் குறையாமல் போகும். குறி தவறினால் ஒரு கிலோமீட்டருக்கு அப்பாலும் ஆளைக் கொல்லும். காட்டிலிருந்து 3 கி.மீ. தள்ளி என்றால் அது ஊரும் களமும் மோட்டார் கொட்டகையும் உள்ள சமவெளி. ஆள் உயரச் சோளத்துக்குள் இரவில் பன்றி கண்ணில் படுவதே இருபது, முப்பது மீட்டரில்தான். அந்தத் தூரத்துக்கு 12 போரில் போடும் ஒற்றைக் குண்டுத் தோட்டா தாராளமாகப் போதும். கனமும் மொக்கையுமான அந்தக் குண்டு சீக்கிரம் வேகம் இழக்கும். அதுவும் தவறினால் சில நூறு மீட்டராவது போகும் என்பதால், பரண் மேலிருந்து கீழ்நோக்கிச் சுட வேண்டும்; தவறிய குண்டை மண் வாங்கிக்கொள்ளும்.

சக்தி குறைந்தால் அடிபட்ட பன்றி பாயும் என்பார்கள். பல சிறு உருண்டைகள் கொண்ட ரவைத் தோட்டாவுக்கு அது முழு உண்மை. கிழட்டு ஆண் பன்றியின் தோளில் தடித்த கேடயம்போல் தோல் இறுகியிருக்கும். ரவை அதில் சிக்கிக்கொள்ளும். ஒற்றைக் குண்டு முன்னங்காலுக்குச் சற்றுப் பின்னே பாய்ந்தால் இதயமும் நுரையீரலும் தப்பாது. வேட்டைக்காரர் கென்னத் ஆண்டர்சன் .405 வின்செஸ்டர் வைத்திருந்தாரே என்றால், அவர் எதிர்கொண்டது ஆட்கொல்லிப் புலிகளை, அதுவும் பெரும்பாலும் அடர்ந்த காட்டில்.

விவசாயியே சுட்டால் என்ன என்ற கேள்வியில் நியாயமான கோபம் இருக்கிறது. 1959ஆம் ஆண்டு ஆயுதச் சட்டம் பயிர்க் காவலுக்கு வாய்வழி மருந்து கெட்டிக்கும் துப்பாக்கிக்கு உரிமம் தரவே செய்கிறது. ஆனால் அந்த உரிமம் பன்றியைச் சுட அனுமதி ஆகாது. 2022 திருத்தத்துக்குப் பின் காட்டுப்பன்றி வனவிலங்குச் சட்டத்தில் பாதுகாக்கப்பட்ட விலங்குகளுக்கான இரண்டாம் அட்டவணையில் இருக்கிறது. நாட்டுத்துப்பாக்கியில் பால்ரஸ் என்னும் இரும்புக் குண்டைக் கெட்டித்துச் சுட்டால் பன்றி அங்கேயே விழாது, குடல் கிழிந்து எங்கோ போய் நாள்கணக்கில் கிடந்து சாகும். தீனிக்குள் வைக்கும் வெடியான அவுட்டுக்காயும் திருட்டு மின்வேலியும் அதைவிடக் கொடியவை. மின்வேலியில் பன்றியோடு மனிதர்களும் சாகிறார்கள். அந்த நிலைக்கு விவசாயியைத் தள்ளாமல் இருக்க, சோளம் கதிர் வாங்குமுன்பே ஒற்றைக் குண்டுத் தோட்டாவும் பரணும் நல்ல விளக்கும் வனச்சரக அலுவலகத்தில் தயாராக இருக்க வேண்டும். .315 பெட்டியிலேயே இருக்கட்டும்.