நால்வர் பிரிந்த பின்

கூடிப் பாடியவர்கள் பிரிந்து தனித்துப் பாடத் தொடங்கும்போது இரசிகர் உலகமும் இரண்டு கட்சியாகப் பிரிந்துவிடுகிறது. கட்டுக்குள் கிடந்த திறமை இனித்தான் சிறகு விரிக்கப்போகிறது என்று மகிழ்வோர் ஒரு கட்சி. கூட்டு உடைந்தபோதே கலையும் உடைந்தது என்று வருந்துவோர் மறு கட்சி. இங்கிலாந்தின் லிவர்பூல் நகரத்து இளைஞர் நால்வர் ‘பீற்றில்ஸ்’ என்ற பெயரிற் பாடி, றொக் இசையின் போக்கையே மாற்றி, 1970ஆம் ஆண்டிற் பிரிந்த நாள் முதலாக இந்த வழக்கு நடந்துகொண்டே இருக்கிறது. இரு கட்சியாரின் வாதங்களையும் நெடுங்காலம் கேட்டவன் நான். அந்நால்வரும் கூடியளித்த இசைத்தட்டுக்களையும், பிரிந்தபின் தனித்தனியே அளித்தவற்றையும் அடுத்தடுத்து வைத்துப் பலகாலும் கேட்டவன். இசையிலக்கணம் கற்றவன் என்று சொல்லிக்கொள்ளும் தகுதி எனக்கில்லை. கேள்வி ஞானம் ஒன்றே என் முதல். அம்முதலைக் கொண்டு இவ்வழக்கில் என் தீர்ப்பைச் சொல்லத் துணிகின்றேன்.

ஒருவர் பாட்டும் மூவர் செவியும்

1963 பெப்ரவரி 11ஆந் திகதி, தம் முதல் நெடுந்தட்டுக்குரிய 14 பாடல்களில் பத்தினை ஒரே நாளில் இலண்டன் அபே றோட் ஒலிப்பதிவுக் கூடத்தில் இவர்கள் பாடி முடித்தனர். கூட்டு முறிந்த செய்தியை 1970 ஏப்பிரல் 10ஆந் திகதி உலகம் அறிந்தது. மறு மாதம் இறுதித் தட்டு வெளிவந்தது. இடைப்பட்டவை ஏழே ஆண்டுகள். ‘றப்பர் சோல்’, ‘றிவோல்வர்’, ‘சார்ஜன்ட் பெப்பர்’, ‘அபே றோட்’ என்று இன்றளவும் பேசப்படும் தொகுதிகள் யாவும் அந்தக் குறுகிய காலத்தின் விளைவே.

அவ்விளைவுக்குக் காரணம் யாது? நால்வரும் மேதைகள் என்று கூறிவிட்டால் அஃது எளிய விடை. மேதைமை பிரிந்தபின்னும் அவர்களிடம் இருந்ததன்றோ? ஒருவர் எழுதிய பாட்டு மற்றை மூவர் செவியையும், தயாரிப்பாளர் ஜோர்ஜ் மார்ட்டினின் செவியையும் கடந்தே தட்டில் ஏறவேண்டும் என்ற வழக்கமே காரணம் என்பது என் துணிபு. ‘இது நன்று’ என்று சொல்ல எவரும் கிடைப்பர். ‘இது வேண்டாம்’ என்று சொல்ல உரிமையுள்ளவர் கிடைப்பது அரிது.

1965இல் வெளிவந்த ‘வீ கான் வேர்க் இற் அவுட்’ என்ற சிறு பாட்டை எடுத்துக்கொள்வோம். பிணக்கைப் பேசித் தீர்த்துக்கொள்ளலாம் என்ற நம்பிக்கையோடு போல் மக்கார்ட்னி தொடங்குகிறார். இடையே ஜோண் லெனன் எழுதிய பகுதி வருகிறது. வாழ்நாள் சிறிது, சண்டைக்கு நேரமேது என்று அது பொறுமையிழந்து நிற்கிறது. அவ்விடத்தில் தாளம் மூன்றெண்ணிக்கைக்கு, நம்மவர் சொல்லும் திஸ்ர நடைக்கு, மாறுவது ஜோர்ஜ் ஹரிசன் தந்த யோசனை. இரண்டு நிமிடத்துக்குச் சற்று மேற்பட்ட பாட்டிலே இன்பமும் கசப்பும் தம்முள் உரையாடுகின்றன. தனியொருவர் எழுதியிருப்பின் இன்பம் மட்டுமோ கசப்பு மட்டுமோ எஞ்சியிருக்கும்.

ஹரிசனின் முறைப்பாடு

ஆயின் அந்த ‘வேண்டாம்’ எப்போதும் நீதியோடு சொல்லப்பட்டதா? இல்லை. கூட்டின் புகழைப் பாடுவோர் இவ்விடத்தில் மௌனமாகிவிடுகின்றனர். லெனனும் மக்கார்ட்னியும் பெருவளத்தோடு எழுதிக்கொண்டிருந்த வீட்டிலே இளையவரான ஹரிசனுக்குக் கிடைத்தது ஒரு மூலை மட்டுமே. ‘சார்ஜன்ட் பெப்பர்’ தொகுதியில் அவருடைய பாட்டு ஒன்று. 1968இல் வந்த வெள்ளையுறைத் தொகுதியின் 30 உருப்படிகளில் நான்கு. அத்தொகுதிக்காக அவர் எழுதிய ‘நொற் கில்ற்றி’ என்ற பாட்டு நூறு தடவைக்கு மேல் வாசித்துப் பார்க்கப்பட்டு, ஈற்றிற் கைவிடப்பட்டது. பதினோராண்டுகள் கழித்து, 1979இல், தம் தனித்தட்டொன்றிலே அவர் அதனை மீளப் பாடி வெளியிட்டார்.

1969 ஜனவரியில் நடந்த ஒத்திகையின் படச்சுருளைக் கொண்டு பீற்றர் ஜக்சன் அமைத்த நெடும்படம் 2021இல் வெளிவந்தது. அதில் ஹரிசன் லெனனிடம் தம் மனக்குறையைச் சொல்வதை நாம் கேட்கிறோம். தமக்கென ஒதுக்கப்படும் பங்கின்படி வெளியிடுவதானால் பத்தாண்டுகளுக்குப் போதுமான பாடல்கள் கையிலிருப்பதாகவும், ஆகவே தனித்தொகுதி ஒன்று செய்ய எண்ணுவதாகவும் அவர் கூறுகிறார். குரலிலே சினமில்லை, களைப்பு இருக்கிறது. அதே மாதம் 10ஆந் திகதி அவர் ஒத்திகையை விட்டு வெளியேறினார். அன்று வீடு திரும்பி எழுதிய பாட்டே ‘வா-வா’.

1970 நவம்பரில் வெளிவந்த ‘ஓல் திங்ஸ் மஸ்ட் பாஸ்’, அதாவது ‘எல்லாம் கடந்துபோம்’ என்ற அவருடைய தொகுதி மூன்று தட்டுக்கள் கொண்டது. தலைப்புப் பாட்டைக் கூட்டினர் ஒத்திகை பார்த்தும் வெளியிடாது விட்டிருந்தனர். ‘இஸின்ற் இற் எ பிற்றி’ என்ற நெடும்பாட்டு 1966 அளவிலேயே எழுதப்பட்டது. ஆண்டுக்கணக்காகக் கதவடைக்கப்பட்ட வெள்ளம் மடை திறந்து பாய்ந்ததைப் போன்றது அத்தொகுதி. நால்வரின் தனித்தட்டுக்கள் அனைத்திலும் முதலிடத்தை நான் இதற்கே கொடுப்பேன். குறையும் உண்டு. மூன்றாவது தட்டிலுள்ள வாத்திய விளையாட்டுக்கள் வாசித்தவர்களுக்கு மகிழ்ச்சி அளித்திருக்கும். கேட்பவனுக்கு அத்துணை மகிழ்ச்சி தருவதில்லை. பில் ஸ்பெக்டர் என்ற தயாரிப்பாளர் பூசிய எதிரொலியும் மிகுதி. எனினும் முதல் இரண்டு தட்டுக்களின் 18 உருப்படிகளிலே, அடக்கி வைக்கப்பட்ட மனிதன் பகைமையின்றிப் பேசும் பெருந்தன்மையைக் கேட்கிறேன்.

அத்தொகுதியின் புகழ்பெற்ற பாட்டு ‘மை சுவீற் லோட்’. கிறித்தவரின் துதிமொழியும் வைணவரின் நாமாவளியும், நம் சிறுவர் மனனஞ் செய்யும் குருவணக்கச் சுலோகமும் ஒன்றாய்க் கலந்த அப்பாட்டு இங்கிலாந்திலும் அமெரிக்காவிலும் முதலிடம் பெற்றது. ஆயின் 1963இல் பிரபலமான ‘ஹீஸ் சோ வைன்’ என்ற பாட்டின் மெட்டை ஒத்திருக்கிறதென்று வழக்கு எழுந்தது. அறியாமலே மனத்தடியிலிருந்து எடுத்தாண்டார் என்று 1976இல் நியூயோர்க் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. இவ்விடத்தில் ஒன்றை நினைவுகூர்தல் வேண்டும். மக்கார்ட்னிக்கு ‘யெஸ்டடே’ பாட்டின் மெட்டு உறக்கத்திலிருந்து எழும்போது கிடைத்தது; அது பிறர் மெட்டோ என்று அஞ்சி வாரக்கணக்காகத் தோழரிடமெல்லாம் பாடிக் காட்டிக் கேட்டுத் திரிந்தார். ஹரிசனின் மெட்டும் பழைய மூவர் செவியைக் கடந்து வந்திருப்பின் எவராவது ஒருவர் கையை உயர்த்தியிருப்பர் என்றே எண்ணுகிறேன். விடுதலைக்கு அவர் கொடுத்த விலை அது.

விடுதலை தந்த நற்பயனையும் மறைத்தல் தகாது. 1966 ஆகத்து மாதத்தோடு நால்வரும் மேடைச் சுற்றுலாவை நிறுத்திவிட்டனர். தனித்து நின்ற ஹரிசனோ, சித்தார் மேதை ரவிசங்கர் வேண்டியதற்கிணங்கி, 1971 ஆகத்து 1ஆந் திகதி நியூயோர்க் மடிசன் சதுக்க அரங்கில் பங்களாதேஷ் அகதிகளுக்காக இரு கச்சேரிகள் நடத்தினார். றிங்கோவும் பொப் டிலனும் எரிக் கிளப்டனும் வந்தனர். 243,000 டொலருக்கு மேல் திரண்டது. ரவிசங்கர் குழுவினர் சுருதி கூட்டி முடித்ததும் அதையே கச்சேரி என்றெண்ணிச் சபையோர் கைதட்டியது அவ்விசைத்தட்டிற் பதிவாகியுள்ளது. அதைக் கேட்டு முறுவலிக்காத நம்மவர் இரார்.

சண்டையும் ஒரு செவியே

லெனனின் முதல் தனித்தொகுதியான ‘பிளாஸ்ரிக் ஓனோ பாண்ட்’ 1970 டிசெம்பரில் வந்தது. ஹரிசனுடையது பெருந்தேர்த் திருவிழா எனின், இது ஒற்றை விளக்கெரியும் அறை. லெனனின் குரல், கிற்றார், பியானோ, கிளவுஸ் வூர்மன் வாசித்த அடிக்குரல் கிற்றார், றிங்கோவின் தாளம், பெரும்பாலும் இவ்வளவே. இளமையிற் பெற்ற துயரை அலறி வெளிப்படுத்தச் செய்யும் மனவைத்தியம் ஒன்றுக்கு அவர் அவ்வாண்டு ஆட்பட்டிருந்தார். மணியோசையோடு தொடங்கித் தாயை அழைத்துக் கதறும் முதற்பாட்டை இருமுறை தொடர்ந்து கேட்க என்னால் இயலாது. அது பாட்டின் குறையன்று.

மக்கார்ட்னி தம் மனைவி லின்டாவோடு 1971இல் ‘றாம்’ தொகுதியை வெளியிட்டபோது விமரிசகர் பலர் எள்ளி நகையாடினர். காலம் அவர்களைத் திருத்திவிட்டது. இன்று அது போற்றப்படுகிறது. அதிலுள்ள பாட்டொன்றில் லெனனைக் குத்தும் வரிகள் உண்டு. லெனன் அவற்றைக் கேட்டறிந்து, அதே ஆண்டின் ‘இமாஜின்’ தொகுதியில் கொடிய மறுமொழிப் பாட்டொன்று பாடினார். அதற்குக் கிற்றார் வாசித்தவர் ஹரிசன். வருந்தத்தக்க காட்சிதான். ஆயினும் ஒருவர் தட்டை மற்றவர் எத்துணைக் கூர்மையோடு கேட்டனர் என்பதற்கு வேறு சான்று வேண்டுமோ? வீடு பிரிந்தபின்னும் சுவரில் செவி வைத்திருந்தனர். 1970, 1971ஆம் ஆண்டுகளின் தனித்தட்டுக்கள் உயர்ந்து நிற்பது அதனாலேயே.

பின்னர் அச்செவி மங்கியது. லெனனின் 1972ஆம் ஆண்டுத் தொகுதி அன்றன்றைய பத்திரிகைச் செய்தியைப் பாட்டாக்கியது. செய்தி பழசானபோது பாட்டும் பழசாயிற்று. ஹரிசனின் 1974ஆம் ஆண்டுத் தொகுதியிலே அவர் தொண்டை கட்டியிருக்கிறது. பொறுத்திருந்து பாடு என்று சொல்வாரில்லை. றிங்கோ ஸ்ரார் தாம் பெரும் பாடகரல்லர் என்பதை அறிந்தவர். ஆகவே நண்பரை நாடினார். ‘றிங்கோ’ என்ற 1973ஆம் ஆண்டுத் தொகுதிக்கு மற்றை மூவரும் பாட்டளித்தும் வாசித்தும் உதவினர். பிரிவின்பின் நால்வர் கையும் பட்ட அத்தொகுதி அவருடைய தட்டுக்களிற் சிறந்ததாக அமைந்தது வியப்பன்று.

‘வேண்டாம்’ மீண்டும் வந்தபோது

மக்கார்ட்னியின் நெடும் பயணம் இதனை இன்னுந் தெளிவாகக் காட்டும். 1973இல் புதிய தொகுதிக்காக நைஜீரியாவின் லாகோஸ் நகருக்குப் புறப்படும் வேளையில் குழுவினர் இருவர் விலகிவிட்டனர். அங்கு சென்றபின் கள்வர் வழிமறித்து, பாட்டுக்களின் மாதிரிப் பதிவுகளைப் பறித்தனர். எஞ்சியவர் மூவர். தாளவாத்தியத்தையும் தாமே வாசித்து மக்கார்ட்னி முடித்த ‘பாண்ட் ஒன் த றன்’ அவர் தனித்தட்டுக்களில் தலையாயதாகப் பலராலும் எண்ணப்படுகிறது. தோழர் சொல்லாத ‘வேண்டாம்’ என்பதை இடுக்கண் சொல்லிற்று.

2005இல் வந்த தொகுதிக்கு நைஜல் கொட்றிச் என்ற இளம் தயாரிப்பாளரை அவர் அமர்த்தினார். கொட்றிச் பல பாட்டுக்களை வெளிப்படையாகவே மறுத்தார். உடன் சுற்றும் குழுவை ஒதுக்கிவைத்து, நீரே வாசியும் என்றார். அறுபது கடந்த, உலகப் புகழ்பெற்ற ஒருவருக்கு அது எளிதிற் பொறுக்கத்தக்கதன்று. சினந்ததாக மக்கார்ட்னியே கூறியுள்ளார். எனினும் பொறுத்தார். அத்தொகுதியின் அடக்கமும் ஆழமும் அப்பொறுமையின் பலன்.

மற்றையோரும் துணையைத் தேடியே திரும்பினர். லெனனின் 1980ஆம் ஆண்டுத் தொகுதியில் அவர் ஒரு பாட்டுப் பாட, மனைவி யோகோ ஓனோ மறுபாட்டுப் பாடுகிறார். அது வெளிவந்து சில வாரங்களில், டிசெம்பர் 8ஆந் திகதி, அவர் சுட்டுக் கொல்லப்பட்டார். கூட்டிலிருந்து விடுபட மிக விரும்பிய ஹரிசனே 1988இல் டிலன், ரொய் ஓர்பிசன், ரொம் பெற்றி, ஜெவ் லின் ஆகியோரோடு புதுக் கூட்டொன்று அமைத்தார். ஐவருக்கும் சம இடம் இருந்த அத்தட்டிலே அவர் குரல் சிரிக்கிறது.

ஆகவே என் தீர்ப்பு இது. பிரிந்ததால் கலை வளர்ந்தது என்பார் கூற்றும் முற்றும் மெய்யன்று. பிரிந்ததால் அழிந்தது என்பார் கூற்றும் மெய்யன்று. ஹரிசனுக்கு இடம் வேண்டியிருந்தது. பிரிவு அதைக் கொடுத்தது. ஆனால் இடத்தை நிரப்பியவை கூட்டின் நெருக்கடியிலே முற்றிய பாட்டுக்கள். கலைஞனுக்கு இடமும் வேண்டும், மறுப்பவரும் வேண்டும். இரண்டும் ஒருங்கே வாய்ப்பது அரிது.

இதற்கு இறுதிச் சான்றாக 2023 நவம்பரில் வெளிவந்த ‘நௌ அண்ட் தென்’ பாட்டைக் கூறலாம். லெனன் எழுபதுகளின் பிற்பகுதியில் வீட்டிற் பதிந்துவைத்த குரல் அது. 1995இல் மற்றை மூவரும் அதனை முழுமையாக்க முயன்றனர். பதிவிலே இரைச்சல் மிகுதி. ஹரிசனுக்கும் பாட்டுப் பிடிக்கவில்லை. ஆகவே கைவிட்டனர். ஹரிசன் 2001 நவம்பர் 29ஆந் திகதி காலமானார். பின்னர் வந்த புதிய கருவி நுட்பம் குரலையும் இரைச்சலையும் பிரித்துத் தர, அன்று ஹரிசன் வாசித்த கிற்றாரையும் சேர்த்து, எஞ்சிய இருவரும் பாட்டை முடித்து வெளியிட்டனர். லெனனின் குரல் தெளிந்து எழும்போது என் கண் கலங்கத்தான் செய்கிறது. ஆயினும் பாட்டு முடிந்தபின் என் மனம் தேடுவது அக்குரலையன்று. ஒரு காலத்தில் இதனைக் கேட்டு, ‘வேண்டாம்’ என்று சொன்ன தோழனையே.