குதிரையில் வந்து பாடிய ஹீரோக்கள்: சினிமா நடுவே பாட்டு நம்ம ஊர் பழக்கம் மட்டும்தானா?

கிறிஸ்துமஸ் நேரத்தில் பாளையங்கோட்டை பக்கம் இங்கிலீஷ் மீடியம் பள்ளி விழா எதற்காவது போயிருந்தால், சிவப்பு மூக்குக் கலைமான் ருடால்ஃபின் பாட்டு உங்கள் காதில் விழுந்திருக்கும். 1949ல் அதை இசைத்தட்டில் பாடி உலகம் முழுக்கக் கொண்டு சேர்த்தவர் ஜீன் ஆட்ரி. அவருடைய முக்கியமான வேலை குழந்தைப் பாட்டு இல்லை. அவர் ஒரு கௌபாய் ஹீரோ.

இடுப்பில் துப்பாக்கி, கையில் கிட்டார், கூடவே சாம்பியன் என்கிற குதிரை. வில்லனைத் துரத்துவார், பிடிப்பார், நடுவே நின்று நிதானமாக ஒரு பாட்டும் பாடுவார்.

"சண்டை நடக்குற நேரத்துல என்னப்பா பாட்டு?" என்று தமிழ்ப் படங்களைக் கிண்டல் செய்கிறவர்கள் ஹாலிவுட்டைத்தான் உதாரணம் காட்டுவார்கள். ஆனால் 1930களில் அதே ஹாலிவுட்டில் பாடுகிற ஹீரோக்களுக்கென்று தனி மார்க்கெட்டே இருந்தது. அது எப்படி வந்தது, ஏன் காணாமல் போனது, நம்ம சினிமாவில் மட்டும் பாட்டு எப்படித் தப்பித்தது?

எல்லாம் மைக் செய்த வேலை

1927ல் 'தி ஜாஸ் சிங்கர்' வந்த பிறகு ஹாலிவுட் வேகமாகப் பேசும்படத்துக்கு மாறியது. அதில் சிக்கலில் மாட்டியவை கௌபாய் படங்கள். அந்தக் கால ஒலிப்பதிவுக் கருவிகள் பெரியவை, அசைக்கச் சிரமமானவை. மூடிய ஸ்டுடியோவுக்குள் வசனத்தைப் பதிவு செய்யலாம். வெட்டவெளியில், காற்றிலும் குதிரைக் குளம்புச் சத்தத்திலும் எப்படிப் பதிவு செய்வது? இந்த வகைப் படங்களின் கதை முடிந்தது என்றுகூடச் சிலர் நினைத்தார்கள்.

1929 தொடக்கத்தில் திரைக்கு வந்த 'இன் ஓல்ட் அரிசோனா' அந்தப் பயத்தைப் போக்கியது. வெளிப்புறத்திலேயே ஒலியைப் பதிவு செய்து காட்டியது. அதே ஆண்டு 'தி வேகன் மாஸ்டர்' படத்தில் கென் மேனார்ட் என்ற கௌபாய் நடிகர் திரையில் பாடினார். சத்தம் வந்துவிட்டது, அதை எதற்குப் பயன்படுத்துவது என்ற கேள்விக்குப் பாட்டு ஒரு பதிலாக அமைந்தது.

ரேடியோவில் கேட்டவரை டாக்கீஸில் பார்க்கலாம்

ஜீன் ஆட்ரி 1907ல் டெக்சாஸில் பிறந்தவர். ரயில்வேயில் தந்தி அடிக்கும் வேலை பார்த்தவர். 1930களின் தொடக்கத்தில் சிகாகோவின் டபிள்யூ.எல்.எஸ். வானொலியில் பாடிப் பிரபலமானார். அவருடைய இசைத்தட்டுகளையும், அவர் பெயர் போட்ட கிட்டாரையும் சியர்ஸ் நிறுவனம் தபால் ஆர்டர் கேட்லாக் வழியாகக் கிராமம் கிராமமாக விற்றது. இன்றைக்கு ஆன்லைனில் ஆர்டர் போடுவது போலத்தான் அதுவும்.

1935ல் ரிபப்ளிக் பிக்சர்ஸ் என்ற சிறிய ஸ்டுடியோ உருவானது. அதை உருவாக்கிய ஹெர்பர்ட் யேட்ஸ் கையில் ஒரு இசைத்தட்டு நிறுவனமும் இருந்தது. கணக்கு எளிது. ரேடியோ கேட்டவர் இசைத்தட்டு வாங்குவார், இசைத்தட்டு வாங்கியவர் படத்துக்கு டிக்கெட் எடுப்பார்.

படங்கள் சுமார் ஒரு மணி நேரம்தான் ஓடும். சின்ன பட்ஜெட், சில வாரங்களுக்குள் ஷூட்டிங் முடிந்துவிடும். பெரிய நகரத் தியேட்டர்களை விட, சிற்றூர்க் கொட்டகைகளின் சனிக்கிழமைக் காட்சியை நம்பி எடுக்கப்பட்டவை. ஆனால் 1940ல் ஹாலிவுட்டில் அதிகம் வசூல் தந்த நடிகர்கள் பட்டியலில் கிளார்க் கேபிளுக்கு அடுத்து, நான்காவது இடத்தில் ஆட்ரி இருந்தார்.

அந்தப் படங்களில் அவருடைய கதாபாத்திரத்தின் பெயரும் பெரும்பாலும் 'ஜீன் ஆட்ரி'தான். 1935ல் வந்த 'தி ஃபாண்டம் எம்பயர்' தொடர்படத்தில் பூமிக்கு அடியில் ஒரு ரகசிய நகரமே இருக்கும். அங்கே எதிரிகளிடம் மாட்டினாலும், தினமும் மதியம் 2 மணிக்கு மேலே வந்து ரேடியோவில் பாடியாக வேண்டும். இல்லாவிட்டால் ஒப்பந்தம் போய்விடும், பண்ணையும் போய்விடும். உயிரை விட புரோகிராம் முக்கியம்!

1938ல் சம்பளத் தகராறில் ஆட்ரி ஷூட்டிங்குக்கு வர மறுத்தார். ஸ்டுடியோ உடனே இன்னொரு பாடகரை ஹீரோவாக்கியது. அவர்தான் ராய் ரோஜர்ஸ். கறுப்பினத்தவருக்கென்று தனியாக இயங்கிய தியேட்டர்களுக்காக ஹெர்ப் ஜெஃப்ரிஸ் 1937ல் 'ஹார்லெம் ஆன் தி ப்ரெய்ரி' படத்தில் பாடும் கௌபாயாக வந்தார். டோரதி பேஜ் என்ற நடிகை பாடும் கௌகேர்ளாகச் சில படங்களில் நடித்தார்.

கதையில் அடிக்கடி தண்ணீர்ப் பிரச்சினை

ராய் ரோஜர்ஸின் முதல் ஹீரோ படமான 'அண்டர் வெஸ்டர்ன் ஸ்டார்ஸ்' (1938) கதையைக் கேட்டால் நமக்கு ரொம்பப் பழக்கமானது போல இருக்கும். வறட்சியில் பண்ணைகள் காய்கின்றன. தண்ணீரைக் கட்டுப்படுத்தும் நிறுவனம் காசு கேட்கிறது. ஊர்க்காரர்கள் பாடகரான ஹீரோவைத் தேர்தலில் நிறுத்தி வாஷிங்டனுக்கு அனுப்புகிறார்கள். அவர் அங்கே போய்த் தண்ணீருக்காகப் பேசுகிறார்.

மருதூர், ஸ்ரீவைகுண்டம் அணைக்கட்டுகளை நம்பியிருக்கும் தாமிரபரணிக் கடைமடை விவசாயிக்கு இந்தக் கதையைத் தனியாக விளக்க வேண்டியதில்லை. நடிகர் தேர்தலில் நிற்பதையும் தமிழ்நாட்டுக்காரர்களுக்கு விளக்க வேண்டாம்.

அமெரிக்காவில் அது பொருளாதார மந்தத்தின் காலம். கடனில் நிலம் போன குடும்பங்கள், புழுதிப் புயலில் அழிந்த வயல்கள். நிலத்தையும் தண்ணீரையும் பிடுங்க வருகிற பணக்காரனை, ஊருக்குத் தெரிந்த ஒரு குரல் எதிர்த்து நிற்பதைப் பார்க்க அந்த மக்களுக்கு ஆசை இருந்தது.

அதே ஆண்டுகளில் இங்கே என்ன நடந்தது?

1931 அக்டோபர் 31ல் முதல் தமிழ்ப் பேசும்படம் 'காளிதாஸ்' வந்தது. படம் நிறையப் பாட்டு. அமெரிக்காவில் பாடும் ஹீரோவை ரேடியோ கொடுத்தது என்றால், இங்கே கொடுத்தது நாடக மேடை.

அந்த மேடைக்கு அடித்தளம் போட்டவர் சங்கரதாஸ் சுவாமிகள் (1867–1922). பிறந்த ஊர் தூத்துக்குடி அருகே காட்டுநாயக்கன்பட்டி. அன்றைக்கு அது திருநெல்வேலி மாவட்டம். தமிழ் நாடகத்தின் தலைமை ஆசிரியர் என்று அழைக்கப்படுகிற அவருடைய நாடகங்களில் கதை பாட்டின் வழியாகவே நகரும். பாடத் தெரியாதவருக்கு ராஜபார்ட் வேஷமே கிடையாது. அவருடைய நாடகங்களில் ஒன்று 'பவளக்கொடி'. அந்தக் கதை 1934ல் சினிமாவானபோதுதான் எம்.கே.தியாகராஜ பாகவதர் திரைக்கு அறிமுகமானார்.

அதாவது, ஆட்ரி முதன்முதலாகத் திரையில் முகம் காட்டியதும் பாகவதர் முதன்முதலாக முகம் காட்டியதும் ஒரே ஆண்டு. ஒருவரை ஒருவர் காப்பியடிக்கவில்லை. சினிமாவுக்குச் சத்தம் கிடைத்ததும், தங்கள் மக்கள் ஏற்கெனவே காசு கொடுத்துக் கேட்டுக்கொண்டிருந்த குரல்களை இரண்டு ஊர்த் தயாரிப்பாளர்களும் தேடிப் போனார்கள்.

கேமரா முன் நிற்காத செங்கோட்டைக் குரல்

அப்படித் தேடியிருந்தால் முதலில் அகப்பட்டிருக்க வேண்டியவர் எஸ்.ஜி.கிட்டப்பா. குற்றாலத்துக்குப் பக்கத்தில் செங்கோட்டையில் 1906ல் பிறந்தவர். செங்கோட்டை அப்போது திருவிதாங்கூர் சமஸ்தானத்தில் இருந்தது. 1956ல் திருநெல்வேலி மாவட்டத்துக்கு வந்து, இப்போது தென்காசி மாவட்டத்தில் இருக்கிறது.

சின்ன வயதிலேயே மேடை ஏறிய கிட்டப்பாவின் பலம், உச்சஸ்தாயியில் பிசிறில்லாமல் நிற்கும் குரல். இது வெறும் ரசனை விஷயம் இல்லை. மைக் இல்லாத நாடகக் கொட்டகையில் கடைசி வரிசை வரை கேட்க வேண்டும் என்றால் மேலே போய்ப் பாடித்தான் ஆக வேண்டும். ஆட்ரியின் நிலைமை நேர் எதிர். மைக் முன்னால் நின்றதால் பக்கத்தில் உட்கார்ந்து பேசுகிற மாதிரி மெதுவாகப் பாட முடிந்தது. இரண்டு பாணிகளையும் முடிவு செய்தது தொழில்நுட்பம்தான்.

கொடுமுடி கே.பி.சுந்தராம்பாளும் கிட்டப்பாவும் மேடை ஜோடியாகி, 1927ல் திருமணமும் செய்துகொண்டார்கள். தேசபக்திப் பாடல்களையும் மேடைக்குக் கொண்டுவந்தார்கள். ஆனால் 1933 டிசம்பர் 2ல், 27 வயதில், கிட்டப்பா இறந்துவிட்டார். சென்னையில் பேசும்படம் எடுக்க ஸ்டுடியோ வந்ததே 1934ல்தான். அவர் ஒரு படத்திலும் நடிக்கவில்லை. ஒரு பக்கத்துக்கு மூன்று நிமிடம் ஓடும் இசைத்தட்டுகள் மட்டும் மிஞ்சின.

சுந்தராம்பாள் வெள்ளைச் சேலைக்கு மாறினார். ஆண் நடிகரோடு ஜோடியாக நடிப்பதில்லை என்று முடிவெடுத்தார். 1935ல் 'நந்தனார்' படத்துக்குக் கூப்பிட்டபோது அவர் ஏற்றது நந்தனார் என்கிற ஆண் வேஷம். சம்பளம் ஒரு லட்சம் ரூபாய். அந்தக் குரலுக்கு அன்றைக்கு அவ்வளவு மதிப்பு.

ஜான் வேய்னுக்கு ஒத்துவராத இரவல் குரல்

பாடத் தெரியாத ஹீரோவுக்கு வேறொருவர் பாடினால் என்ன? ஹாலிவுட் இதையும் முயன்று பார்த்தது. 1933ல் 'ரைடர்ஸ் ஆஃப் டெஸ்டினி' படத்தில் ஜான் வேய்ன், சிங்கின் சாண்டி என்ற பாடும் கௌபாயாக நடித்தார். அதுவும் தண்ணீரை மடக்கி வைக்கும் வில்லன் கதைதான். பாட்டு மட்டும் இன்னொருவர் குரல். பிறகு போகிற இடமெல்லாம் ரசிகர்கள் பாடச் சொல்லிக் கேட்டு மானம் போனது என்று வேய்ன் பின்னாளில் சொன்னதாகக் கூறுவார்கள். அந்த வேஷத்தை அவர் சீக்கிரமே விட்டுவிட்டார்.

தமிழில் 1938ல் ஏ.வி.மெய்யப்பனின் 'நந்தகுமார்' படத்தில் நடிகைக்காக லலிதா வெங்கட்ராமன் பின்னணி பாடினார். இங்கே ரசிகர்கள் அதை ஏற்றுக்கொண்டார்கள். பின்னணிப் பாடகரின் பெயரைத் தெரிந்துகொண்டே ரசிக்கவும் பழகினார்கள். இரண்டு சினிமாக்களும் பிரிந்த இடம் இதுதான்.

அமெரிக்காவில் ஆட்ரி 1942ல் ராணுவத்துக்குப் போனார். போர் முடிந்ததும் டி.வி. வந்தது, சனிக்கிழமைக் கூட்டம் வீட்டிலேயே உட்கார்ந்துவிட்டது. 1953ல் ஆட்ரியின் கடைசி சினிமா வெளியானது. அதற்கு முந்தைய ஆண்டு வந்த 'ஹை நூன்' படத்தில் பாடும் கௌபாயாக இருந்த டெக்ஸ் ரிட்டரின் குரல் கேட்கும். ஆனால் திரையில் ஹீரோ கேரி கூப்பர் வாயைத் திறக்க மாட்டார். பாட்டு பின்னணிக்குப் போய்விட்டது. 1959ல் 'ரியோ பிராவோ' படத்தில் டீன் மார்ட்டினும் ரிக்கி நெல்சனும் பாட, ஜான் வேய்ன் பக்கத்தில் நின்று சிரித்தபடி கேட்டுக்கொண்டிருப்பார்.

தமிழில் பாட்டு ஹீரோவின் உதட்டிலேயே நின்றது, குரல் மட்டும் மாறியது. 1936லேயே சினிமாவுக்கு வந்த எம்.ஜி.ஆர். கதாநாயகனாக 1947 வரை காத்திருந்தார். பாட்டு மட்டுமே அதற்குக் காரணம் இல்லை. ஆனால் பாகவதரும் பி.யு.சின்னப்பாவும் சொந்தக் குரலில் ஆண்ட காலத்தில் பாடாதவருக்கு இடம் குறைவு. 1954ல் டி.எம்.சௌந்தரராஜன் 'மலைக்கள்ளன்' படத்தில் எம்.ஜி.ஆருக்கும், 'தூக்குத் தூக்கி' படத்தில் சிவாஜிக்கும் பாடினார். அதன் பிறகு ஹீரோவுக்குப் பாடத் தெரியுமா என்று யாரும் கேட்கவில்லை. அந்த மாற்றம் இல்லையென்றால் தமிழ்நாட்டின் அரசியலே வேறு மாதிரி இருந்திருக்கலாம்.

1972ல் கர்ணன் இயக்கிய 'கங்கா', 'ஜக்கம்மா' படங்களில் ஜெய்சங்கர் தொப்பியும் துப்பாக்கியுமாக வந்தபோதும், 2010ல் 'இரும்புக்கோட்டை முரட்டு சிங்கம்' வந்தபோதும் பாட்டு கூடவே வந்தது. பாடும் கௌபாய் அமெரிக்காவில் மறைந்த பிறகு, இரவல் குரலோடு கோடம்பாக்கத்தில் குதிரை ஏறினார் என்று வைத்துக்கொள்ளலாம்.

எதில் தொடங்கலாம்?

பழைய கௌபாய் படங்கள் பலவும் யூடியூப்பில் இலவசமாகவே கிடைக்கின்றன. 'ரைடர்ஸ் ஆஃப் டெஸ்டினி' ஒரு மணி நேரத்துக்குள் முடிந்துவிடும். வேய்ன் வாயசைப்பதை உற்றுப் பாருங்கள், குரல் அவருடையது இல்லை என்று நமக்கே தெரியும். பிறகு கிட்டப்பாவின் இசைத்தட்டுப் பதிவு ஒன்றைத் தேடி ஹெட்போனில் கேளுங்கள். ஊசி உரசும் கரகரப்பையும் தாண்டி மேலே ஏறும் அந்தக் குரலுக்கு, வாயசைத்துக் காட்ட ஒரு முகம் கிடைக்காமலே போய்விட்டது.