92 வயது தாய், 71 வயது மகன்!

பெற்ற மகனைப் பார்ப்பதற்கு ஒரு தாய்க்குக் குலுக்கலில் பெயர் விழவேண்டுமா? கொரியாவில் அப்படித்தான் நடந்தது.

1950-ல் அங்கே போர் மூண்டது. ஜனங்கள் உயிர் தப்ப ஓடினார்கள். அந்தக் கூட்டத்தில் ஒரு பெண், கணவரையும் சின்னஞ்சிறு மகனையும் தவறவிட்டார். கைக்குழந்தையுடன் தெற்கே வந்து சேர்ந்தார். 1953-ல் சண்டை நின்றது. எல்லை மூடிக்கொண்டது. வடக்கே கடிதம் போடவும் வழி இல்லை.

2018 ஆகஸ்டில் இரு அரசுகளும் உறவினர் சந்திப்புக்கு ஏற்பாடு செய்தன. தெற்கே பெயர் கொடுத்துக் காத்திருந்தவர்கள் சுமார் 57 ஆயிரம் பேர். முதல் குழுவில் போனதோ 89 குடும்பங்கள்தான்! அந்தத் தாய்க்கும் இடம் கிடைத்தது.

சொக்சோ நகரிலிருந்து பஸ்கள் எல்லை தாண்டி, கும்காங் மலைக்குப் போயின. பலர் சக்கர நாற்காலியில் வந்தார்கள். ஒருவருக்கு வயது 101. மூட்டை மூட்டையாகக் குளிர் உடுப்பு, மருந்து, பற்பசை, தின்பண்டம். (நம் வீட்டுப் பாட்டிமார் ஊருக்குப் போவதும் இப்படித்தானே!)

மகனைக் கண்டதும் தாய் கட்டிக்கொண்டு அழுதார். மகன் ஒரு போட்டோவை நீட்டினார். காலமாகிவிட்ட தகப்பனாரின் படம்! "உனக்கு எத்தனை பிள்ளைகள்?" என்று தாய் விசாரித்தார். 68 வருடக் கதையைப் பேச, மூன்று நாளில் சில மணி நேரம்தான் கிடைத்தது.

அந்த ஆகஸ்டுக்குப் பிறகு சந்திப்பே இல்லை. உறவினரைத் தேடிப் பதிவு செய்தவர்களில் பாதிக்கு மேல் இறந்துவிட்டார்கள். சந்திப்பு மண்டபத்தை வட கொரியா இடித்துக்கொண்டிருப்பதாக 2025 பிப்ரவரியில் தென் கொரிய அரசு தெரிவித்தது.