புதிய பாகம் போட்டதும் கணினி எழவில்லையா?

நீங்களே பாகம் பாகமாக வாங்கிக் கூட்டிய கணினி. மூன்றாண்டுகள் ஒழுங்காக ஓடியது. வேகம் போதவில்லை என்று கொம்தார் பக்கம் போய் ஒரு ஜோடி ரேம் வாங்கி வந்து பொருத்தினீர்கள். பொத்தானை அழுத்தினால் மின்விசிறி சுற்றுகிறது, விளக்கு எரிகிறது, திரை மட்டும் கறுப்பாகவே கிடக்கிறது. கடைக்காரர் பழுதான சரக்கைத் தலையில் கட்டிவிட்டார் என்றுதான் யாருக்கும் முதலில் தோன்றும்.

பெரும்பாலும் அப்படி இருக்காது. அதற்கான காரணம் நம் தீவிலேயே இருக்கிறது. 1972இல் இன்டெல் நிறுவனம் அமெரிக்காவுக்கு வெளியே தன் முதல் ஆலையைப் பாயான் லெப்பாஸில் தொடங்கியது. ஏஎம்டி, ஹிட்டாச்சி போன்ற நிறுவனங்களும் அதே காலத்தில் இங்கு வந்தன. இந்த ஆலைகளில் பெரும்பங்கு வேலை, வேறு நாட்டில் உருவான சில்லுகளை உறையில் பொருத்தி, சோதித்து அனுப்புவதுதான். அங்கே ஷிஃப்ட் வேலை பார்த்த உறவினர் யாராவது உங்களுக்கும் இருப்பார். 'பர்ன்-இன்' என்றால் என்ன என்று அவரிடம் கேட்டுப் பாருங்கள்.

மின்னணுப் பாகங்கள் எப்போது பழுதாகின்றன என்று வரைபடம் போட்டால் குளியல் தொட்டி போன்ற வடிவம் வரும். தொடக்கத்தில் பழுது அதிகம், பிறகு நெடுங்காலம் மிகக் குறைவு, கடைசியில் தேய்மானத்தால் மீண்டும் அதிகம். அந்த முதல் மேட்டை ஆலைக்குள்ளேயே கழிப்பதுதான் பர்ன்-இன். கூடுதல் வெப்பத்திலும் கூடுதல் மின்னழுத்தத்திலும் சில்லை ஓடவிடுவார்கள். சீக்கிரம் சாகப்போகும் சில்லு அங்கேயே செத்துவிடும். ஆக, உங்கள் கைக்கு வரும் சில்லு ஏற்கெனவே பரீட்சை எழுதித் தேறியது. பரீட்சை எழுதாதது, நேற்றிரவு உங்கள் மேசையில் நீங்கள் செய்த பொருத்தல் மட்டுமே. சந்தேகத்தை அங்கிருந்து தொடங்குங்கள்.

முதலில் சுவிட்சை அணைத்து, பிளக்கைப் பிடுங்கி, கணினியின் பவர் பொத்தானைச் சில விநாடி அழுத்திப் பிடியுங்கள். உள்ளே மிச்சமிருக்கும் மின்சாரம் இறங்கிவிடும். பெட்டியின் உலோகப் பகுதியைத் தொட்டு உங்கள் உடம்பில் உள்ள நிலைமின்னையும் இறக்கிவிடுங்கள். பிறகு பழைய ரேமை மறுபடியும் போடுங்கள். கணினி எழுந்தால் தேட வேண்டிய இடம் சுருங்கிவிட்டது. எழவில்லை என்றால் புதிய ரேமின் மீது குற்றமில்லை, உங்கள் கை வேறு எதையோ அசைத்திருக்கிறது. மதர்போர்டுக்குப் போகும் 24 முனைக் கேபிள், பிராசஸருக்குத் தனியாகப் போகும் 8 முனைக் கேபிள் இரண்டையும் அழுத்திப் பாருங்கள்.

ரேமில் ஏமாற்றும் விஷயங்கள் சில உண்டு. டிடிஆர் 4, டிடிஆர் 5 இரண்டுக்கும் 288 தொடுமுனைகள்தான், ஆனால் நடுவில் உள்ள வெட்டு இடம் மாறியிருக்கும். ஒன்றின் இடத்தில் மற்றொன்று போகாது, வலுக்கட்டாயமாக அழுத்தவும் கூடாது. நான்கு துளை உள்ள பலகையில் இரண்டு ரேம் போட்டால், பொதுவாகப் பிராசஸரிலிருந்து எண்ணி இரண்டாவதிலும் நான்காவதிலும் போட வேண்டும். டிடிஆர் 5 என்றால் இன்னொன்று: புதிய ரேமைக் கண்டதும் பலகை அதனுடன் பேசிப் பழக நேரம் எடுத்துக்கொள்ளும். முதல் முறை சில நிமிடங்கள்கூடத் திரை கறுப்பாகவே இருக்கலாம். பொறுமையில்லாமல் ஒரு நிமிடத்தில் அணைப்பவர், அந்தப் பழக்கத்தை ஒவ்வொரு முறையும் முதலிலிருந்து தொடங்க வைக்கிறார்.

இப்போதைய பலகைகள் பலவற்றில் ஒரு மூலையில் நான்கு சிறு விளக்குகள் இருக்கும். பிராசஸர், ரேம், திரை அட்டை, வன்தட்டு என்று ஒவ்வொன்றுக்கும் ஒன்று. எதில் நின்றுவிடுகிறதோ அங்கே தேடுங்கள். அமைப்புகள் குழம்பியிருந்தால், பிளக்கைப் பிடுங்கிய பின் பலகையிலுள்ள 3 வோல்ட் பட்டன் பேட்டரியைச் சில நிமிடம் கழற்றிப் போட்டால் பழைய நிலைக்குத் திரும்பும்.

பிராசஸரை மாற்றியிருந்தால், பலகையின் பயாஸ் அதை அடையாளம் காணும் அளவுக்குப் புதியதா என்று பாருங்கள். சாக்கெட்டில் உட்கார்ந்துவிட்டாலே ஓடும் என்று அர்த்தமில்லை. திரை அட்டையை மாற்றியிருந்தால், திரையின் கேபிள் அந்த அட்டையில் சொருகியிருக்கிறதா, பலகையில் சொருகியிருக்கிறதா? சிரிக்க வேண்டாம், மிக அதிகமாக நடக்கும் தவறு இது.

இதுவரை சொன்னதில் பொருள் நஷ்டம் பெரிதாக இல்லை. பவர் சப்ளையை மாற்றும்போதுதான் உண்மையான ஆபத்து. கழற்றி மாட்டும் கேபிள் உள்ள வகை என்றால், பழைய கேபிள்களை அப்படியே விட்டுவிட்டுப் பெட்டியை மட்டும் மாற்றத் தோன்றும். பெட்டிக்குள் இழுத்துக் கட்டிய கேபிளை மறுபடி அவிழ்க்க யாருக்குத்தான் பிடிக்கும்? ஆனால் பலகைப் பக்கம், வன்தட்டுப் பக்கம் உள்ள முனைகளுக்குத்தான் பொதுத் தரம் உண்டு. பவர் சப்ளைப் பக்கத்து முனையை ஒவ்வொரு நிறுவனமும் தன் விருப்பப்படி அமைக்கிறது, ஒரே நிறுவனத்தின் இரு மாடல்கள்கூட வேறுபடலாம். கேபிள் கச்சிதமாகச் சொருகும். 5 வோல்ட் போக வேண்டிய கம்பியில் 12 வோல்ட் போகும். ஒரு நொடியில் வன்தட்டு கருகும். குழந்தையின் முதல் பிறந்தநாள் படங்கள் அதில் இருந்தால், அதற்கு உத்தரவாத அட்டை எதுவும் உதவாது. புதிய பவர் சப்ளையுடன் வந்த கேபிளை மட்டுமே போடுங்கள். பவர் சப்ளைப் பெட்டியை மட்டும் ஒருபோதும் திறக்காதீர்கள், பிளக்கைப் பிடுங்கிய பிறகும் அதற்குள் ஷாக் அடிக்கும் அளவுக்கு மின்சாரம் தங்கியிருக்கும்.

ஆலையில் தேறி வந்த சில்லே குற்றவாளியாக இருப்பதும் உண்டு. இன்டெலின் 13, 14ஆம் தலைமுறை மேசைக்கணினிப் பிராசஸர்கள் சில, வாங்கிய பிறகு கொஞ்சம் கொஞ்சமாகக் கெட்டன. பிராசஸருக்குள் இருக்கும் மைக்ரோகோட் தேவைக்கு மேல் மின்னழுத்தம் கேட்டதே காரணம் என்று 2024 ஜூலையில் நிறுவனமே ஒப்புக்கொண்டது. விளையாட்டுகள் பாதியில் நின்றபோது சில கணினிகளில் வந்த செய்தி, 'திரை அட்டையின் நினைவகம் போதவில்லை' என்பது. அதை நம்பியவர்கள் நல்ல திரை அட்டையைச் சந்தேகித்துக்கொண்டிருந்தார்கள்.

அந்த ஆண்டு ஆகஸ்டிலிருந்து வந்த பயாஸ் புதுப்பிப்புகள் மேலும் கெடாமல் தடுக்கின்றன, ஏற்கெனவே கெட்டதைச் சரிசெய்யாது. பாதிக்கப்பட்ட மாடல்களுக்கு உத்தரவாதம் இரண்டு ஆண்டுகள் நீட்டிக்கப்பட்டது. உங்களிடம் அந்தத் தலைமுறைப் பிராசஸர் இருந்தால், முதலில் பயாஸைப் புதுப்பியுங்கள். ரசீதும் பெட்டியும் எங்கே என்று இன்றே தேடி எடுத்து வையுங்கள்.