எல்லாம் தண்ணியால வந்தது!

எங்கள் கல்யாண ஆல்பத்தைப் புரட்டுகிறவர்கள் நடுவில் ஒரு பக்கத்தில் நிறுத்தி, "மாப்பிள்ளை வீட்ல ஏதாவது துக்கமா?" என்று கேட்பார்கள். மாலையும் கழுத்துமாக, உம்மென்று நிற்கும் அந்த மாப்பிள்ளை நான்தான். துக்கம் ஒன்றுமில்லை ஸார். சிரித்தால் பல் தெரியும். அதுதான் பிரச்னை!

சொந்த ஊர் தர்மபுரி பக்கம். பூமிக்கடியில் பாறையிலேயே ஃப்ளோரைடு அதிகம். போர் போட்டுத் தண்ணீர் எடுத்தால் அதுவும் கரைந்து கூடவே வரும். குடிநீரில் லிட்டருக்கு 1.5 மில்லிகிராமைத் தாண்டக்கூடாது என்பது கணக்கு. எட்டு வயதுக்குள், ஈறுக்குள்ளே பல் உருவாகும் காலத்தில் இந்தத் தண்ணீரைக் குடித்தால் எனாமல் சரியாக முற்றாது. நுண்துளைகளோடு முளைத்து, அதில் பழுப்பு ஏறிவிடும். வேப்பங்குச்சி, கரி, பேஸ்ட்... எதற்கும் அசையாது. 2013-ல் ஒகேனக்கல் குடிநீர்த் திட்டம் வந்து காவிரித் தண்ணீர் குழாயில் வந்தது. அதற்குள் எனக்குப் பல்லும் முளைத்து, பி.காமும் முடிந்துவிட்டது.

முதன்முதலில் பெண் பார்க்கப் போன வீட்டில், பெண்ணின் தாய்மாமன் என்னைத் திண்ணைப் பக்கம் ஒதுக்கினார்.

"தப்பா நெனைக்காதீங்க தம்பி. பாக்கா, புகையிலையா?"

"ஐயையோ, அந்தப் பழக்கமெல்லாம் இல்லீங்க. சின்ன வயசுலேர்ந்து எல்லாம் தண்ணியால வந்தது!"

உண்மையைத்தான் சொன்னேன். "சின்ன வயசுலேர்ந்தேவா?" என்று நெஞ்சில் கை வைத்தவர், அன்று பஜ்ஜியைக்கூட முழுசாகத் தின்னவிடவில்லை.

அதற்கப்புறம் சிரிப்பு வந்தால் வாயைக் கையால் மூடிக்கொள்கிற பழக்கம் வந்துவிட்டது. நல்லவேளை, அடுத்து வந்தவள் பல்லைப் பார்க்காமல் ஆளைப் பார்த்தாள். வண்டி ஓடியது.

போன வருஷம் ஒருநாள் என் நாலு வயசு மகள் டி.வி. பார்த்துச் சிரித்தாள். முத்து முத்தாகப் பல். ஆனால், வாயைக் கையால் மூடிக்கொண்டு!

"ஏம்மா மூடிக்கறே?"

"அப்படித்தானேப்பா சிரிக்கணும்?"

மறுநாளே பல் டாக்டரைத் தேடிப் புறப்பட்டேன்.

முதல் இடத்தில் ஏ.சி., சோபா, சுவர் நிறைய சிரிக்கிற படங்கள். "வெனீர் போட்டுடலாம் சார். எட்டு பல்லா, பத்து பல்லா? பாக்கேஜ் இருக்கு" என்றார்கள். சட்டை தைக்கக் கொடுத்தால்கூட ரெண்டு கேள்வி கேட்பார்கள். இங்கே அதுவும் இல்லை!

வெனீர் என்பது பல்லின் முன்பக்கம் ஒட்டும் மெல்லிய பீங்கான் சில்லு. 1930-களில் ஹாலிவுட்டில் சார்லஸ் பிங்கஸ் என்ற பல் டாக்டர் நடிகர்களுக்காகச் செய்த வித்தை. பல்செட் ஒட்டும் பவுடரால் ஒட்டியது என்பதால் ஷூட்டிங் வரைக்கும்தான் தாங்கும். 1955-ல் மைக்கேல் புவனகோர் என்பவர் எனாமலில் அமிலம் தடவிச் சொரசொரப்பாக்கினால் பசை கெட்டியாகப் பிடிக்கும் என்று கண்டுபிடித்தார். 1980-களில் பீங்கானின் உள்பக்கத்துக்கும் அதே மாதிரி வைத்தியம் செய்தார்கள். அதற்கப்புறம் ஒட்டினது ஒட்டினதுதான்.

இவ்வளவும் சொன்னவர், நான் ரெண்டாவதாகப் போன டாக்டர். ஃபேன்தான் ஓடியது. வாயைப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "வெனீர் நல்ல விஷயம்தான் தம்பி. ஆனா, அதுக்கு இடம் பண்ண பெரும்பாலும் எனாமலைச் சீவணும். 0.3-லேர்ந்து 0.7 மில்லிமீட்டர் வரை. உங்க விரல் நகத்தோட கனம்னு வெச்சுக்குங்க."

"அவ்வளவுதானே டாக்டர்?"

"நகம் வளரும். எனாமல் வளராது. அதை உண்டாக்கற செல்லெல்லாம் பல்லு முளைக்கறப்பவே போயிடும். நல்லாப் பார்த்துக்கிட்டா வெனீர் பத்துப் பதினஞ்சு வருஷம் வரும். அப்புறம்?"

காமர்ஸ் படித்தவனிடம் இப்படிக் கேட்கலாமா? மண்டைக்குள் லெட்ஜர் திறந்துகொண்டது. எனாமல் என்பது திரும்பிவராத மூலதனம். வெனீர், வருஷாவருஷம் தேய்மானம் எழுதவேண்டிய சொத்து. எனக்கு இப்போது முப்பத்தாறு. எண்பது வரை இருந்தால் மூன்று, நாலு தடவை மாற்றணும். பத்து பல்லுக்கும்! இதைப் 'பாக்கேஜ்' என்று சொன்னார்களே தவிர, சாகிறவரை தவணை என்று சொல்லவில்லை.

"பல்லு உடைஞ்சிருந்தா, கறை ரொம்ப ஆழமா இருந்தா, வேற எதுக்கும் மசியலைன்னா வெனீர் போடலாம். ராத்திரி பல்லைக் கடிக்கிறவங்க, ஈறுல நோய் இருக்கறவங்க முதல்ல அதைச் சரி பண்ணணும். உங்களுக்குச் சின்னதுலேர்ந்து ஆரம்பிப்போமே" என்றார்.

சின்னது என்றால், அமிலம் கலந்த பொடியால் மேல்தோலை லேசாகத் தேய்த்தெடுப்பது. 'மைக்ரோஅப்ரேஷன்' என்று பெயர். இதிலும் கொஞ்சம் எனாமல் போகும். ஆனால் வெனீருக்குச் சீவுவதைவிடக் குறைவு. அதில் போகாததற்கு ப்ளீச்சிங். அதற்கும் போகாவிட்டால் பல் நிறத்துப் பூச்சு. வெனீர் கடைசிப் படி.

எனக்கு ரெண்டாவது படியோடு சரி. முத்துப் பல் ஆகிவிடவில்லை. பழுப்பு போய், பழைய வேட்டி நிறத்துக்கு வந்திருக்கிறது. உற்றுப் பார்த்தால் வெள்ளைத் திட்டுகள் தெரியும். உற்றுப் பார்க்கிறவர்கள் பார்த்துக்கொள்ளட்டும்!

நீங்களும் பல் வரிசையை மாற்றக் கிளம்பினால், "எவ்வளவு ஆகும்?" என்பதோடு, "எவ்வளவு சீவுவீங்க? இதைவிடச் சின்ன வைத்தியம் இல்லையா?" என்ற ரெண்டு கேள்வியையும் கேட்டுவிடுங்கள்.

போன வாரம் மகளின் பிறந்தநாள். மொபைலில் குடும்பமாக ஒரு போட்டோ எடுத்தோம். நான் வாயை மூடவில்லை. படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன்... அவளும் மூடவில்லை ஸார்!