நோல் மாளிகையும் ஸாக்வில் வம்சமும்

இங்கிலாந்தின் கெண்ட் பிரதேசத்தில், மான்கள் திரியும் விஸ்தாரமான சோலையின் நடுவே நிற்கும் நோல் மாளிகையை, 1456-ஆம் ஆண்டில் காண்டர்பரியின் தலைமைக் குருவான தாமஸ் பௌச்சியர் விலைக்கு வாங்கித் தமது வாசஸ்தலமாக்கினார். பின்னாளில் கிரான்மர் என்னும் தலைமைக் குருவிடமிருந்து எட்டாம் ஹென்றி மன்னர் அதைப் பெற்றுக்கொண்டார். அம்மன்னர் கேட்டதை மறுப்பவருக்குத் தலை மிஞ்ச வேண்டுமே!

17-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில், ராஜாங்கப் பொக்கிஷ அதிகாரியும் கவிஞருமான தாமஸ் ஸாக்வில் அதைப் புதுப்பித்தது முதல், அவ்வம்சத்தாரே அங்கு வாழ்ந்து வருகின்றனர். அறைகள் 365, மாடிப்படிகள் 52, முற்றங்கள் 7 என்று ஊரார் பஞ்சாங்கக் கணக்குச் சொல்வதுண்டு. எண்ணிச் சரிபார்த்தவர் கூற்றாக அதைக் கொள்ள வேண்டியதில்லை.

அம்மாளிகையிலேயே 1892-இல் ஒரே மகளாகப் பிறந்து, அதன் ஒவ்வொரு தாழ்வாரத்தையும் உயிராய் நேசித்த எழுத்தாளர் வீட்டா ஸாக்வில்-வெஸ்ட், பெண்ணாய்ப் பிறந்த ஒரே காரணத்தால், 1928-இல் தந்தை காலமானபோது அதைச் சிற்றப்பாவுக்கு விட்டுக்கொடுக்க நேர்ந்தது. அதே ஆண்டில் அவருடைய சிநேகிதி வர்ஜீனியா உல்ஃப், ஆணாய்ப் பிறந்து பெண்ணாய் மாறி நூற்றாண்டுகளைக் கடந்து வாழும் ஒரு பாத்திரத்துக்கு அத்தகைய மாளிகையையே உடைமையாக்கி, 'ஆர்லாண்டோ' நாவலை வெளியிட்டார். சட்டம் மறுத்ததைக் கற்பனை வழங்கிற்று. 1946-இல் மாளிகை நேஷனல் டிரஸ்ட் வசமாயிற்று. வீட்டாவோ, அதே கெண்டில், சிஸ்ஸிங்ஹர்ஸ்ட் என்னுமிடத்தில் பாழடைந்து கிடந்த ஒரு பழங்கோட்டையை முன்பே வாங்கித் தோட்டம் அமைத்துக்கொண்டிருந்தார்.